உப்புத் தண்ணியும் உவர்நீரும்

வாணியம்பாடியில் இருக்கும் அக்கா பையன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். மோனோ இரண்டு, ஸ்கேட் இரண்டு, ஆர்ச்சர் ஒன்று, பச்சைப் புள்ளி பஃபர் ஒன்று, பம்பிள்பீ கோபி ஆறு. கீழே ஒரு வரி: "ரெண்டடி தொட்டி மாமா. எல்லாமே உவர்நீர் மீனுதான், பாத்துட்டேன். ஒண்ணா உடலாம் இல்ல?"

பட்டியலில் இருந்தவை எல்லாம் உவர்நீர் மீன்கள்தான். அந்த அளவுக்குச் சரியாகவே பார்த்திருந்தான். ஆறும் கடலும் கலக்கிற கழிமுகங்களிலும், காயல்களிலும், அலையாத்தி மரங்களின் வேரடியிலும் வாழ்கிறவை. ஆனால் இந்தப் பன்னிரண்டையும் ரெண்டடி தொட்டியில் விட்டால் சில மாதங்களில் பஃபர் மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் அதுவும் இருக்காது. உடனே போன் போட்டேன். பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எடுத்ததும் அவன் கேட்ட கேள்வி இது: "எங்க ஊரு போர் தண்ணியே உப்புதானே மாமா, தனியா இன்னாத்துக்கு உப்பு போடணும்?"

வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் கேட்கக்கூடிய கேள்விதான். எங்களுக்குத் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. குழாயில் வருகிற காவேரித் தண்ணி நல்ல தண்ணி. அதைக் குடத்தில் பிடித்து வைப்போம். போரில் வருவது உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் கடினமாக இருக்கிறது. நாக்கில் கரிப்பதால் அதை உப்பு என்கிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு உப்பும் சேர்ந்திருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு தடவித்தான் டேனரிக்கு வரும். அதை அலசிய தண்ணீரும், பதனிட்ட கழிவும் பல பத்தாண்டுகளாக நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கின. 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாலாற்று வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அக்கா வீட்டுக் கிணற்றில் இன்றைக்கும் யாரும் வாய் வைப்பதில்லை. அந்தத் தண்ணீரில் சோடியம் குளோரைடு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கடலோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. கூடவே வேறு என்னென்ன கரைந்திருக்கிறது என்று தெரியாத தண்ணீரில் மீன் வளர்க்கக் கூடாது.

கணக்கையும் பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் விட்டுவைத்திருக்கும் உச்ச வரம்பு, ஒரு லிட்டரில் 2000 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள். அதாவது 2 கிராம். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். சின்ன உவர்நீர்த் தொட்டிக்கு நான் வைப்பது 7, 8 கிராம். ஒப்படர்த்தியில் (உப்பில்லாத தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிடும் அடர்த்தி) சொன்னால் 1.005; கடல் 1.025. நாக்கில் வைக்க முடியாத போர் தண்ணீர் கூட உவர்நீரில் கால் பங்குதான் வருகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் உப்பாக இருப்பது மீனின் உடம்புக்கு இன்னும் நல்ல தண்ணிதான்.

அதனால் கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் மரைன் சால்ட் வாங்க வேண்டும். கல்லுப்பு போதாதா என்றும் கேட்டான். கல்லுப்பு அநேகமாக வெறும் சோடியம் குளோரைடு. உப்பளத்தில் படியும்போதே மற்றவை பிரிந்து போய்விடுகின்றன. மரைன் சால்ட்டில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், தண்ணீரின் பிஎச்-ஐ எட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும் கார்பனேட்டுகள் எல்லாம் கடலில் இருக்கும் விகிதத்தில் இருக்கும். ரெண்டடி தொட்டியில் மணலும் கல்லும் போக 60 லிட்டர் நிற்கும். லிட்டருக்கு 9 கிராம் என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். உப்பு காற்றில் ஈரம் இழுக்கும் என்பதால் ஒரு கிராம் கூட்டியே போடுகிறேன். தனி வாளியில் கரைத்து, ஒரு நாள் ஓடவிட்டு, அப்புறம்தான் தொட்டிக்கு.

உப்புக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், மீன்களின் பொருத்தமே அங்கேதான் தொடங்குகிறது. மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறதல்லவா, மீனின் உடம்பிலும் அதுதான் நடக்கிறது. கடல் மீனின் ரத்தத்தை விடச் சுற்றியிருக்கும் தண்ணீரில் உப்பு அதிகம். உடம்பிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அது தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளும். நன்னீர் மீனுக்கு நேர் எதிர். உடம்புக்குள் நீர் நுழைந்துகொண்டே இருக்கும், அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கழிமுகத்து மீன் இரண்டையும் தெரிந்து வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு, வயதுக்கு வயது அது மாறவும் செய்யும். மோனோவும் ஸ்கேட்டும் குஞ்சாக இருக்கும்போது லேசான உப்பில் வளரும்; பெரிதாகப் பெரிதாகக் கடல் நீரை நோக்கிப் போகும். பம்பிள்பீ கோபி கடைசி வரை லேசான உப்பிலேயே இருந்துவிடும். பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு வருடம் கழித்து அவை இரண்டுக்கும் தேவைப்படும் தண்ணீர் ஒன்றாக இருக்காது.

பட்டியலின் மேல்பாதியை அளவை வைத்தே அடித்துவிடலாம். கடையில் மோனோ ஐந்து ரூபாய்க் காசு அளவில், வெள்ளித் தகடு போலப் பளபளக்கும். வளர்ந்தால் பத்து அங்குலம். அதுவும் கூட்டமாக இருக்க வேண்டிய மீன். இரண்டு விட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதும். ஸ்கேட் ஓரடி வரும். ஆர்ச்சர் எச்சில் துப்புவது போலத் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்துகிற மீன். நீருக்கு மேலே வெற்றிடம் வேண்டும், ஐந்தடித் தொட்டி வேண்டும். மூன்றுமே அழகான மீன்கள். ஆனால் ரெண்டடி தொட்டியில் அவற்றை வைப்பது பெரிய மரத்தைத் தொட்டிச் செடியாக வெட்டி வெட்டி வைப்பது போலத்தான். மரமாவது வலியைக் காட்டாது.

பஃபரைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 2019-இல் ஒரு கடையில் பச்சைப் புள்ளி பஃபரைப் பார்த்தேன். "நல்ல தண்ணி மீன்தான் சார், கப்பியோட உடலாம்" என்றார் கடைக்காரர். நம்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஒன்பது கப்பிகளில் நான்குக்கு வால் இல்லை. வால் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு நூல். பஃபர் நடுவில் நின்று, இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி என்னையே பார்த்தது. அடுத்த மாதத்தில் அதன் வெள்ளை வயிறு சாம்பல் நிறமாகி, அப்புறம் கறுத்தது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீரில் அந்த மீன் அப்படித்தான் தன் நிலையைச் சொல்லும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்துகொண்டு, வாரத்துக்குக் கொஞ்சமாக உப்பைக் கூட்டினேன். பத்தே நாளில் வயிறு வெளுக்கத் தொடங்கியது. பிறகு சென்னையில் பெரிய தொட்டி வைத்திருந்த நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஆறு அங்குலம் வரும், வளர வளர ஏறக்குறையக் கடல் உப்பு கேட்கும், பல் தேய நத்தை கொடுக்க வேண்டும். அதைத் துணையோடு வைக்க முடியாது. பஃபர்தான் வேண்டும் என்றால் முதுகில் எட்டு போட்ட ஃபிகர் எயிட் பஃபர் ஒன்றை மட்டும் சின்னத் தொட்டியில் வைக்கலாம். தனியாக. அது கூட இருக்கும் ஆளை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும். துணையில்லையே என்று நாம்தான் வருந்துவோம்.

அப்படி உப்போடு காலியாக நின்ற தொட்டியில்தான் நான் உவர்நீர் மீன் வளர்க்கவே ஆரம்பித்தேன். காட்பாடியில் ரயில் ஏறிப் பெரம்பூரில் இறங்கி, கொளத்தூருக்குப் போய் எட்டு பம்பிள்பீ கோபி வாங்கி வந்தேன். தேனீயைப் போல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிது. அவற்றோடு ஐந்து மோலி. யாரும் யாரையும் கடிக்கவில்லை. பொருத்தமான ஜோடி என்றே நினைத்தேன். ஒரு மாதத்தில் மூன்று கோபி செத்துப்போயின. கையில் எடுத்துப் பார்த்தேன். வயிறு உள்ளே ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாக இருந்தது. மோலி எதைப் போட்டாலும் பாய்ந்து தின்னும். பம்பிள்பீ கோபி உலர்தீனியை அநேகமாகத் தொடாது; அசைகிற இரையை நின்று, யோசித்து, ஒரு எட்டு வைத்து, அப்புறம்தான் கொத்தும். அதற்குள் நான் போட்ட ஆர்டீமியா என்கிற பொடி இறால் முழுதும் மோலியின் வயிற்றில். கடியும் துரத்தலும் மட்டும்தான் பொருந்தாமை என்று நினைத்திருந்தேன். சண்டையே இல்லாத தொட்டியில் என் மீன்கள் பட்டினியால் செத்தன. அன்றிலிருந்து எந்த மீன் எவ்வளவு வேகமாகச் சாப்பிடும் என்பதைத்தான் கடையில் நின்று பார்க்கிறேன். மிச்ச ஐந்தையும் தனிச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். அங்கே நன்றாகவே இருந்தன.

கண்ணாடி மீனையும் உப்பு வேண்டும் என்று சொல்லி விற்பார்கள். அது நம் ஏரி குளத்து மீன். உப்பு தேவையில்லை. உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி விற்கிற கண்ணாடி மீனை யாரும் வாங்கவே கூடாது.

சரி, ரெண்டடி தொட்டியில் என்னதான் விடலாம்?

மோலியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எந்தக் கடையிலும் கிடைக்கிற பிளாக் மோலிக்கு எங்கள் கடினத் தண்ணீரும் உப்பும் அமிர்தம். வெறும் மென்னீரில் இருந்த இடத்திலேயே ஆடி ஆடி நின்ற மோலி, உப்பு போட்ட தொட்டியில் ஒரு வாரத்தில் பாசியை மேய ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று விட வேண்டும். அதோடு நைட் கோபி இரண்டு மூன்று சேரும். அது உளுவை இனம், மூன்று அங்குலம், சாம்பல் உடம்பில் மைப் புள்ளிகள், பாய்மரம் போல விரிகிற முதுகுத் துடுப்பு. பம்பிள்பீயைப் போல இரைக்குக் காத்து நிற்காது. ரத்தப் புழு போட்டால் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வாயில் அடங்குகிற எதையும் விழுங்கும் என்பதால் சின்ன மீனோடு கூடாது.

ஆனால் என்னைக் கேட்டால் ஆரஞ்சு குரோமைட் என்றுதான் சொல்வேன். இது வெளிநாட்டு மீன் இல்லை. தென்னிந்தியக் கழிமுகங்களும் காயல்களும் இலங்கையும்தான் அதன் ஊர். 1795-இல் பிளாக் என்ற ஜெர்மானிய அறிஞர் விவரித்துப் பெயர் வைத்தார். இந்தியாவுக்கென்று உள்ள சிக்லிட் இனங்கள் மூன்றே மூன்று; அதில் இது ஒன்று. கேரளத்தில் வாழையிலையில் பொள்ளிக்கிற கரிமீன் இன்னொன்று. இவற்றுக்கு நெருங்கிய சொந்தங்கள் இருப்பது மடகாஸ்கரில். எங்கள் ஏரிகளில் பிடித்துக் குழம்பு வைக்கிற ஜிலேபி, 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதுவும் இதே குடும்பம்தான். அக்கா பையனிடம் அதையும் சொல்லி வைத்தேன். ஜிலேபிக் குஞ்சை ஏரியில் பிடித்து உப்புத் தொட்டியில் விட்டாலும் பிழைக்கும். ஆனால் ஆறே மாதத்தில் தொட்டி அதனுடையதாகிவிடும்.

நான் ஐந்து குரோமைட் குஞ்சுகள் வாங்கினேன். மூன்று அங்குலம் வந்ததும் இரண்டு ஜோடி சேர்ந்தன. மற்ற மூன்றையும் மூலையில் அடக்கி வைத்தன, எடுத்துக் கொடுத்துவிட்டேன். ரெண்டடி தொட்டிக்கு ஒரு ஜோடிதான் அளவு. இது அனுபவத்தில் தெரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால், சாய்த்து வைத்திருந்த ஓட்டின் அடியில் முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு காம்பில் தொங்கியது. பெண் நெஞ்சுத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஆண் எதிர்த் திசையில் காவல். நான்கைந்து நாளில் பொரிந்தன. பெற்றவை குஞ்சுகளை வாயால் எடுத்து மணலில் தோண்டிய குழிக்கு மாற்றின. நீந்தத் தொடங்கிய பிறகு நடந்ததைத்தான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். குஞ்சுகள் கூட்டமாக வந்து, தாயின் விலாவில் முகத்தை வைத்து ஒரு தொடு தொட்டுவிட்டு விலகும். மறுபடி வரும். தகப்பனிடமும் அப்படியே. உடம்பின் மேல் இருக்கிற வழுவழுப்பைத்தான் சாப்பிடுகின்றன. தாயும் தகப்பனும் அசையாமல் நின்று கொடுக்கும். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள்.

குஞ்சுகளைக் காத்த அந்த மூன்று வாரமும் கூட இருந்த மோலிகளுக்கு நெருக்கடி. அதுவரை கண்டுகொள்ளாத ஜோடி, அவற்றைத் தொட்டியின் ஒரு முனைக்கு ஓட்டியது. உயரமான கற்களை நடுவில் அடுக்கி, ஒன்றையொன்று பார்க்காதபடி மறைப்பு வைத்தேன். நைட் கோபி இரண்டையும் அப்போதே எடுத்துவிட்டேன். இருந்திருந்தால் குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. சாதாரண நாளில் பொருந்துகிற மீன் குஞ்சு பொரித்த நாளில் பொருந்தாது. அதற்கும் இடம் விட்டுத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. கத்திரி வெயிலில் தொட்டி 33 டிகிரியைத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. உப்பு சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறைவு. மூடியை எடுத்து வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும். முதல் வருட மே மாதத்தில் நான் குறைந்ததை உப்புத் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். போர் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும். உப்பு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோட்டில் எண். மிதவைக் கருவி வைத்திருப்பவர்கள் வெயில் காலத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதை 25 டிகிரிக்கு அளவிட்டிருப்பார்கள். 32 டிகிரித் தண்ணீரில் 0.002 குறைத்துக் காட்டும். குறைகிறதே என்று உப்பைக் கொட்டிவிடுவோம்.

அந்தக் கருவியை ஒருமுறை பாலாற்றுக்கும் எடுத்துப் போனேன். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை வேலூரே பாலத்தில் நின்று பார்த்தது. "தண்ணியில்லாத ஆறு" என்று கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பொங்கல் விடுமுறையில் வயலூர்ப் பக்கம் போனோம். நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடியும் ஆம்பூரும் வேலூரும் கடந்து வரும் எங்கள் ஆறு கடலில் கலக்கிற இடம் அது. மணல் திட்டு முகத்துவாரத்தைப் பாதி மூடியிருந்தது. உள்பக்கம் தேங்கிய நீரில் மடவை ஒன்று துள்ளி விழுந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். 1.006. கரையோரமாக இருபது எட்டு நடந்து கடல் பக்கம் பார்த்தால் 1.014. என் தொட்டியில் எடை போட்டு எடை போட்டு நான் கலக்குகிற தண்ணீரை ஆறு அங்கே தானாகவே கலந்துகொண்டிருந்தது. கைநிறையக் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, கழுவி, ஃபில்டரில் போட்டேன். பிஎச் இறங்காமல் இருக்க இன்றைக்கும் அதுதான் உதவுகிறது.

அக்கா பையன் பட்டியலைக் கிழித்துவிட்டான். ஒரு ஜோடி குரோமைட், ஐந்து மோலி என்று முடிவு. என் தொட்டியில் பிறந்தவற்றிலிருந்தே ஆறு குஞ்சுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றைத் திருப்பித் தர வேண்டும். என் ஃபில்டரில் ஊறிய ஸ்பாஞ்சு ஒன்றையும் ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். இரண்டு தொட்டியிலும் ஒரே உப்பு என்பதால் அதிலிருக்கும், மீன் கழிவில் வரும் அமோனியாவை மாற்றுகிற பாக்டீரியா சாகாமல் அங்கே வேலையைத் தொடரும். பிஎச் எட்டில் அமோனியா கொஞ்சம் இருந்தாலும் மீனுக்கு நஞ்சு. அது பூஜ்யம் காட்டுகிற வரைக்கும் குஞ்சு இங்கேதான்.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பினான். ரிஃப்ராக்டோமீட்டரின் வட்டம், நீலமும் வெள்ளையும், சரியாக 1.005. "இப்ப வரலாமா மாமா?" அமோனியா எவ்வளவு என்று கேட்டேன். 0.25 என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.